சிறு தானிய ஆலைக்கு வீட்டில் செய்யும் தொட்டி

பிரிட்டனிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பீர் என்னும் பானத்தைத் தம் வீட்டிலேயே தயாரித்துக்கொள்வோர் பலர் உளர். பிரிட்டனில் இதற்கு உரிமம் பெறவேண்டும் என்றிருந்த விதி 1963ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 100 காலனும், இருவரோ அதற்கு மேற்பட்டவரோ உள்ள குடும்பம் 200 காலனும் வரியின்றித் தயாரிக்க அது இடமளித்தது. நம் நாட்டிலோ மதுபானம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. உரிமமின்றி அதனைத் தயாரிப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றமாகும். எனவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது பானத்தை அன்று. அதற்கென முளைதானியத்தை உடைக்கும் சிறு ஆலையின் தலைமேல் அமைக்கும் தொட்டியையே. அத்தொட்டியைப் பழம் பலகையும் தகரமும் கொண்டு தாமே செய்துகொள்ளும் அந்நாட்டு மக்களின் அனுபவம், கேழ்வரகு முளைமாவு அரைக்கும் நம் கிராமச் சேவகருக்கும், பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே பயன்படத்தக்கது.

இத்தொட்டியை ஆங்கிலத்தில் ‘ஹாப்பர்’ என்பர். தமிழில் பல சொற்கள் புனையப்பட்டிருப்பினும், மாவு மில்லில் நிற்போர் அதனைத் ‘தொட்டி’ என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வர் என்பதால் அச்சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

தொட்டி ஏன் தேவைப்படுகிறது?

முளைக்கவைத்து உலர்த்திய பார்லியே பீருக்கு மூலப்பொருள். அதனை மாவாக அரைப்பதில்லை, உடைப்பதோடு நிறுத்திவிடுவர். தானியத்தின் உள்ளீடு நொறுங்கவேண்டும். உமி கூடியவரை முழுமையாக எஞ்சவேண்டும். உடைத்த தானியத்தை ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஊறவைக்கும்போது முளையிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பின்னர் அந்த இனிப்பு நீரை வடித்தெடுக்கையில் உமியே வடிகட்டியாக அமைகிறது. உமி பொடியாகிவிட்டால் நீர் இறங்காது, துவர்ப்பும் மிகும். இதன்பொருட்டே திருகைக்கல்லை விடுத்து, இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுழலும் சிறு ஆலையைப் பயன்படுத்துகின்றனர். உருளைகளுக்கு இடைப்பட்ட இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கொலம்பியாவில் மக்காச்சோளம் அரைக்கவென்று செய்யப்படும் கொரோனா என்னும் கைத்தட்டு ஆலையையும் சிக்கனம் கருதுவோர் கையாளுகின்றனர்.

ஐந்து காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பானத்துக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் தானியம் செல்லும். சிறு ஆலைகளோடு வரும் தொட்டிகள் பலவற்றில் இதில் பாதியே கொள்ளும். ஆகவே ஒரு கையால் ஆலையைச் சுற்றிக்கொண்டே மறுகையால் தானியம் இடவேண்டியதாகிறது. இதனால் நேரம் வீணாவது ஒருபுறமிருக்க, சுழலும் உருளைகளுக்கு அருகே கை மீண்டும் மீண்டும் செல்வதே பெருங்கேடு. ஒரே முறையில் முழுத் தானியத்தையும் கொள்ளும் தொட்டி இருப்பின், ஆலை ஓடும்போது கை அங்குச் செல்லவேண்டிய காரணமே இராது. பெரிய தொட்டியால் விளையும் முதல் நன்மை இதுவே.

தானியம் நீரைப்போல ஒழுகுவதில்லை

தொட்டி செய்யப் புகுவோர் பெரும்பாலும் பலகை எது, ஆணி எது என்றே ஆராய்கின்றனர். உண்மையில் தொட்டி ஒழுங்காக வேலை செய்வது அதன் பொருளைவிடக் கோணங்களையே மிகுதியும் சார்ந்தது. இதனை அறியத் தானியத்தின் இயல்பைச் சற்று நோக்கவேண்டும்.

தரையில் தானியத்தைக் கொட்டினால் அது நீர்போலப் பரவிவிடாமல் கூம்பாகக் குவிகிறது. குவியலின் சரிவு தரையோடு உண்டாக்கும் கோணத்தைக் குவியற் கோணம் எனலாம். தானியத்துக்குத் தானியம் இது மாறும். ஈரம் கூடினால் இதுவும் கூடும். நன்கு உலர்ந்த தானியங்கள் பலவற்றுக்கு இது 30 பாகைக்கு அண்மையில் அமையும். அளப்பதும் எளிது. குவியலின் உயரத்தை அதன் அடிவட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது அக்கோணத்தின் டான்ஜென்ட். உயரம் 4 செ.மீ., அடிவட்டத்தின் விட்டம் 16 செ.மீ. எனக் கொண்டால், 4ஐ 8ஆல் வகுக்க 0.5 வரும், கோணம் ஏறத்தாழ 26½ பாகை. தொட்டியின் சரிவு இக்கோணத்தைவிடக் குறைவாயின் தானியம் முழுதும் இறங்காது, ஓரங்களில் தேங்கிவிடும்.

இரண்டாவது இயல்பு இன்னும் வியப்பானது. அடியில் துளையுள்ள பாத்திரத்தில் நீர் நிறைத்தால், நீர்மட்டம் தாழத் தாழ ஒழுக்கின் வேகமும் குறையும். தானியம் அவ்வாறன்று. தொட்டி நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் அது ஏறக்குறைய ஒரே வேகத்தில் வெளியேறும். மணற்கடிகாரம் காலத்தைக் காட்டுவதும் இவ்வியல்பினாலேயே. தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்த யான்சன் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர், தானியத்தின் எடையில் பெரும்பகுதியைச் சுவர்களே உராய்வினால் தாங்குகின்றன என்றும், ஆகவே உயரம் எவ்வளவு கூடினும் அடித்தளத்தின் அழுத்தம் ஓரெல்லைக்குமேல் ஏறாது என்றும் 1895ல் விளக்கினார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெவர்லூவும் அவருடன் பணியாற்றியோரும் 1961ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒழுக்கின் அளவு வாயின் விட்டத்தினது இரண்டரை அடுக்குக்கு ஏற்ப மிகுகிறது. ஆயினும் விட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரைத் தானிய அகலத்தைக் கழித்தே கணக்கிடவேண்டும். வாயின் விளிம்பை ஒட்டிய தானியங்கள் தடையுற்று நிற்பதே இதற்குக் காரணம்.

மூன்றாவதாக, வாய் மிகச் சிறிதாயின் தானியங்கள் ஒன்றையொன்று தாங்கி வில்வளைவுபோல் நின்று வழியை அடைத்துக்கொள்ளும். செங்கல் வளைவு சுண்ணாம்பு இன்றியும் நிற்பது எவ்வாறோ அவ்வாறே இதுவும். வட்ட வாயின் விட்டம் தானியத்தைப்போல் ஐந்தாறு மடங்கேனும் இருப்பின் இத்தொல்லை பெரும்பாலும் நேராது. பார்லி மணி 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளமுள்ளது. எனவே 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட வாய் அதற்குப் போதும். நீண்ட பிளவு வடிவான வாயில் அடைப்பு இன்னும் அரிது; அதன் அகலம் 4 செ.மீ. இருந்தாலே போதும். மாவும் பொடியும் வேறு வகுப்பைச் சேர்ந்தவை. அவை ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையுடையன. அவற்றுக்கான தொட்டிகளைக் கணக்கிடும் முறையை ஆண்ட்ரூ ஜெனிக்கி என்பார் யூட்டா பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1961லும் 1964லும் வெளியிட்டார். நம் தொட்டியில் முழுத் தானியமே இடப்படுவதால் அக்கணக்கு இங்கு வேண்டுவதில்லை. ஆனால் இதே தொட்டியில் மாவை இட்டுப் பார்த்து, தொட்டி சரியில்லை என்று எவரும் முடிவுகட்டலாகாது.

மூலைச் சரிவே கவனிக்கவேண்டியது

நான்கு சரிந்த பலகைகளைச் சேர்த்துச் செய்த தொட்டியில் அடிக்கடி காணும் குறை ஒன்றுண்டு. பலகைகள் 45 பாகை சரிந்திருக்கும். தானியத்தின் குவியற் கோணமோ 30 பாகைக்கு மேற்படாது. எனினும் நான்கு மூலைகளிலும் தானியம் தங்கிவிடும். செய்தவர் பலகை சொரசொரப்பாக இருக்கிறதென்று எண்ணி அதனை இழைப்பார், மெருகும் பூசுவார், பயன் இராது. காரணம் கணிதத்தில் உள்ளது. இரு சரிவுகள் சந்திக்கும் மூலைக்கோடு, அச்சரிவுகளைவிடக் கிடையாகப் படுத்திருக்கும். மலைச்சரிவில் நேராக ஏறுவதைவிடக் குறுக்காக ஏறும் பாதை சாய்வு குறைந்திருப்பது போன்றதே இது. இரு பக்கமும் 45 பாகையாயின் மூலைக்கோடு ஏறத்தாழ 35 பாகையே சாய்ந்திருக்கும். மேலும் மூலையில் இருபுறச் சுவர்களும் உராய்வதால் தடை அங்கு அதிகம். ஆகவே மூலையில் 45 பாகை வேண்டுமாயின், பக்கங்களை 55 பாகைக்குச் சரிக்கவேண்டும். 60 பாகைக்குச் சரித்தால் மூலை கிட்டத்தட்ட 51 பாகையாகும். வட்டக் கூம்பில் மூலையே இல்லையாகையால் இத்தொல்லை அதில் எழுவதில்லை. ஆனால் உருளைகளின் மேலுள்ள வாய் நீண்ட பிளவாக இருப்பதால் வட்டக் கூம்பு அதனோடு பொருந்துவதில்லை.

அளவுகளும் செய்முறையும்

முளைப்பார்லி எடை குறைந்த தானியம். ஒரு லிட்டர் அளவில் அரைக் கிலோகிராமுக்குச் சற்றே கூடுதலாகக் கொள்ளும். எனவே 5 கிலோகிராமுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் இடம் வேண்டும். உருளைகள் 15 செ.மீ. நீளமுடையன எனக் கொண்டு, 12 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தொட்டிக்குரிய உள்ளளவுகளை இங்குத் தருகிறோம்.

கீழ்வாய் 13 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உடையது. சரிவுப்பகுதியின் செங்குத்து உயரம் 15 செ.மீ.; அதன் மேல்விளிம்பு 34 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் இருக்கும். அதற்குமேல் அதே நீள அகலத்தில் 8 செ.மீ. உயரமுள்ள செங்குத்துப் பெட்டி அமையும். இவ்வளவுகளில் நான்கு பக்கங்களும் ஒரே கோணத்தில், அதாவது 55 பாகையில் சரியும். மூலை 45 பாகை இருக்கும். சரிவுப்பகுதிக்குச் சரிவக வடிவான நான்கு பலகைகள் வேண்டும். இரண்டுக்கு இணைப்பக்கங்கள் 34 செ.மீ., 13 செ.மீ.; மற்ற இரண்டுக்கு 25 செ.மீ., 4 செ.மீ. நான்கிலும் இணைப்பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரம் 18.3 செ.மீ. ஆகும். இது 15 செ.மீ. அன்று; சாய்ந்த பலகையின் நீளம் செங்குத்து உயரத்தைவிடக் கூடும் என்பதை மறந்து பலகையை வெட்டிவிட்டால் தொட்டி தட்டையாகிவிடும். உருளையின் நீளம் வேறாக இருப்பின், அதைவிட 2 செ.மீ. குறைத்து வாயின் நீளத்தை வைத்துக்கொண்டு, மேல்விளிம்பின் நீளத்தையும் அதே அளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள 21 செ.மீ. வேறுபாடு மாறாதவரை கோணம் மாறாது.

முதலில் அட்டையில் வெட்டி, ஒட்டுத்தாளால் இணைத்து, ஒருபிடி தானியம் இட்டுப் பார்ப்பது நன்று. அட்டைக்குச் செலவு ஏதும் இல்லை. பிழையிருப்பின் அப்போதே தெரிந்துவிடும். பின்னர் 6 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகையில் அதே வடிவை வரைந்து அறுக்கலாம். சரிந்த பலகைகள் சேருமிடத்தில் விளிம்புகள் சதுரமாகப் பொருந்தா. உட்புறம் ஒட்டிச் சேருமாறு விளிம்பை அரத்தால் சற்றே சாய்த்து, வெளிப்புறம் மரப்பசை தோய்த்த துணிப்பட்டையை மூலைநெடுகப் பதித்துவிட்டால் போதிய வலிமை கிட்டும். பலகையின் மேற்பரப்பு இழைகள் தானியம் இறங்கும் திக்கிலேயே அமையட்டும். உட்புறத்துக்கு வண்ணப்பூச்சு வேண்டியதில்லை. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். தகரத்தில் செய்வோரும் ஈயப்பற்று வைத்து இணைப்பதைத் தவிர்த்து, மடித்தடித்தோ ரிவெட் அடித்தோ இணைக்கவேண்டும். உண்ணும் பொருள் செல்லும் வழி அது. எண்ணெய் வந்த சதுர டின்னைப் பிரித்தால் இதற்குரிய தகடு மலிவாகக் கிடைக்கும். அதன் வெட்டு விளிம்புகளை மடித்துவிடவேண்டும்.

அமெரிக்காவில் பலர் கையாளும் வேறொரு முறை, 20 லிட்டர் குடிநீர்க் கேனின் அடியை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. செலவும் உழைப்பும் மிகக் குறைவு. ஆனால் கேனின் தோள்பகுதி ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் கடைசி ஒன்றிரண்டு பிடி தானியம் அங்கேயே தங்கும், தட்டிவிடவேண்டும். கழுத்து வட்டமாக இருப்பதால் உருளைகளின் நடுப்பகுதிக்கே தானியம் விழும். அவ்விடம் மட்டும் விரைவில் தேயும். வட்ட வாயுள்ள கைத்தட்டு ஆலைக்கு இது பொருந்துவதுபோல் உருளை ஆலைக்குப் பொருந்துவதில்லை என்பது நம் கருத்து.

கீழ்வாய்க்கு அடியில் இரு சட்டங்களுக்கிடையே நழுவும் தடுப்புத் தகடு ஒன்று அமைத்தல் வேண்டும். இதனைச் சிலர் வீண் அலங்காரம் என்று விட்டுவிடுகின்றனர். தானியம் நிறைந்து உருளைகளை அழுத்திக்கொண்டிருக்கும் நிலையில் ஆலையை ஓட்டத் தொடங்கினால், கையால் சுற்றுபவர் திணறுவார். மின்சார டிரில் கொண்டு சுற்றினாலோ டிரில் சூடேறிக் கெடும். தடுப்பை மூடி, ஆலையைச் சுழலவிட்டு, பிறகே தடுப்பைத் திறக்கவேண்டும். டிரில்லால் ஓட்டும்போது உருளையின் வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுகளுக்குள் இருப்பது நலம். வேகம் மிகுந்தால் உமி கிழியும்.

தொட்டியும் தானியமும் சேர்ந்த எடையை ஆலையின் சட்டத்தின்மேல் மட்டும் ஏற்றலாகாது. வாய்க்குச் சரியான துளையிட்ட தடித்த பலகையொன்றில் ஆலையையும் தொட்டியையும் சேர்த்துத் திருகி, அப்பலகையை வாளியின் விளிம்பிலோ நாற்காலிச் சட்டத்திலோ அசையாமல் அமர்த்தவேண்டும்.

விரலும் தூசியும்

நேரெதிராகச் சுழலும் இரு உருளைகள் எதைத் தொட்டாலும் உள்ளே இழுக்கும் இயல்புடையன. 1 மில்லிமீட்டர் இடைவெளியில் விரல் நுழையாதே என்று எண்ணுதல் தவறு. சொரசொரப்பான உருளை தோலைப் பற்றி நசுக்கும். தானியம் நின்றுவிட்டது என்று கண்டவுடன் கையை விட்டுக் கிளறுவது மனித இயல்பு; விபத்துக்கு வழி அதுவே. எனவே சரிவுப்பகுதியின் மேல்விளிம்பில், அதாவது வாய்க்கு 15 செ.மீ. மேலே, இணையான கம்பிகளை 15 மி.மீ. இடைவிட்டுப் பொருத்தி, எளிதில் கழற்ற இயலாதபடி திருகிவிடவேண்டும். நீண்ட இடைவெளியாகையால் பார்லி மணி அதன்வழி இறங்கும். தயங்கினால் கம்பிகளுக்கு மேலிருந்தவாறே கையால் தள்ளிவிடலாம். அடைப்பை நீக்கக் கம்பியைக் கழற்றவேண்டி நேர்ந்தால் முதலில் மின்தொடர்பைப் பிடுங்கிவிடவேண்டும்; விசையை நிறுத்துவது மட்டும் போதாது. சிறுவர்கள் இருக்கும் இடத்தில் ஆலையை ஓட்டுவதே கூடாது. பள்ளியில் தொட்டியைக் காட்டும் ஆசிரியர் ஆலையின்றித் தொட்டியை மட்டும் காட்டுவாராக.

தானியத்தில் கலந்துவரும் ஆணி, கம்பித்துண்டு முதலியவற்றைப் பிடிக்கச் சரிவின் உட்புறத்தில் ஒரு காந்தத்தைப் பொருத்தலாம். கல்லை அது பிடிக்காது. முன்னதாகச் சலித்துக்கொள்வதே வழி. உடைக்கும்போது எழும் தூசியை மூச்சில் இழுத்தல் நுரையீரலுக்குத் தீங்கானது. மாவுத்தூசி காற்றில் அடர்ந்து கலந்திருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும். வீட்டளவில் உடைக்கையில் அத்துணை அடர்த்தி உண்டாவது அரிதே. எனினும் அடுப்பெரியும் அறையை விடுத்துத் திறந்த வெளியில் உடைப்பதே நன்று. சிலர் உடைப்பதற்குக் கால்மணி நேரம் முன்னதாகத் தானியத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீரைத் தெளித்துப் பிசறுவர். 5 கிலோகிராமுக்கு 100 மில்லிலிட்டர் ஆகும். உமி பதமடைந்து கிழியாமல் நிற்கும், தூசியும் குறையும். அளவு மிகுந்தால் தானியம் தொட்டியில் ஒட்டும். உருளையிலும் பசைபோல் அப்பும்.

கேழ்வரகும் வகுப்பறைப் பரிசோதனையும்

நம் நாட்டில் முளைகட்டி உலர்த்திய கேழ்வரகைக் குழந்தைகளின் உணவுக்காக அரைக்கும் மகளிர் குழுக்கள் இதே தொட்டியைத் தம் சிறு ஆலைக்குப் பயன்படுத்தலாம். கேழ்வரகு உருண்டையான சிறு மணியாதலால் எளிதில் இறங்கும்; வாய் இதைவிடச் சிறிதாக இருந்தாலும் அடையாது. பார்லி முளையைவிட அது கனமானது; அதே தொட்டியில் எடை கூடுதலாகக் கொள்ளும் என்பதைக் கருதித் தாங்கு சட்டத்தை வலுவாக்கவேண்டும். ஆனால் கேழ்வரகை மாவாக்கவேண்டியிருப்பதால் ஆலை தானியத்தை மெதுவாகவே ஏற்கும். ஆகவே தடுப்புத் தகட்டைச் சிறிதளவே திறந்துவைக்கவேண்டும். முளை நன்கு உலராவிட்டால் எந்தக் கோணமும் உதவாது. கையில் அள்ளி விட்டால் தனித்தனி மணியாக உதிரும் பதம் வேண்டும்.

ஆசிரியர்கள் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்தி, ஒன்றின் மூடியில் 1 செ.மீ. விட்டமும் மற்றதன் மூடியில் 2 செ.மீ. விட்டமும் உள்ள துளையிட்டு, ஒரே அளவு கேழ்வரகு இறங்க ஆகும் நேரத்தைக் கணக்கிடச் செய்யலாம். துளையின் பரப்பு நான்கு மடங்குதானே, நேரமும் கால்பங்காகும் என்று மாணவர் சொல்லக்கூடும். ஆனால் பெரிய துளை ஏழெட்டு மடங்கு விரைவாக வெளியேற்றுவதைக் காண்பர். புட்டியின் பக்கத்தில் சமதூரக் கோடுகள் இட்டு, ஒவ்வொரு கோட்டையும் தானியம் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே புட்டியில் நீர் நிறைத்து மீண்டும் செய்தால் யான்சன் ஆராய்ந்த பொருளின் சுவை மாணவருக்குப் புலனாகும். நீரின் நேரங்கள் வரவர நீளும். தானியத்தின் நேரங்கள் கடைசிக் கோடுவரை ஏறக்குறைய ஒத்திருக்கும்.

வேலை முடிந்ததும் தொட்டியைக் கழற்றி மென்மையான தூரிகையால் மூலைகளைத் துடைக்கவேண்டும். நீரில் கழுவுதல் பிளைவுட்டுக்கும் உருளைக்கும் ஆகாது. மூலையில் எஞ்சும் ஒருபிடித் தானியத்திலிருந்தே வண்டு பெருகி அடுத்த மூட்டைக்குப் பரவும் என்பதால், தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர்ந்த இடத்தில் வைப்பது வழக்கம்.